பாவடித் தெருவின் ஈரம்

"தண்ணி வந்து மூணு நாளாச்சி முனிண்ணே. குழாயைத் திறந்தா காத்துதான் வருது. காத்தைப் புடிச்சி சோறாக்கவா?"

ஜஹனாரா குடத்தைத் தரையில் வைத்த வேகத்தில், சுவரோரம் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது.

திங்கட்கிழமை, காலை ஆறரை. மீரான் சந்தின் முனையில் வால்வுத் தொட்டியின் இரும்பு மூடியைத் தள்ளிவைத்துவிட்டு முனிரத்தினம் குனிந்து நின்றார். கையில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. பெரிய காஞ்சிபுரத்தின் இந்த வார்டில் எட்டுத் தெருவுக்கும் எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரவேண்டும் என்று தீர்மானிப்பது அந்தச் சாவிதான். ஊர் நகராட்சியாக இருந்தபோது தினக்கூலியாகச் சேர்ந்தவர். மாநகராட்சியாக ஆன பிறகும் தினக்கூலிதான். ஆக மொத்தம் பத்தொன்பது வருஷம்.

"அஞ்சரைக்கே முழுசா திறந்துட்டேன்மா. முப்பத்திரண்டு சுத்து."

"அப்போ தண்ணி எங்க போச்சி? ஹஜ்ஜுக்கா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். முனிரத்தினம் சிரிக்கவில்லை. சாவியின் அடியைக் குழாயின் மேல் ஊன்றி, மேல் பிடியில் காதை வைத்தார். தண்ணீர் ஓடினால் இரும்பு முணுமுணுக்கும். கசிந்தால் சீறும். வால்வுக்காரனுக்கு டாக்டரின் காதுக்குழாய் போல அது.

முணுமுணுப்பும் இல்லை. சீறலும் இல்லை. இரும்பு செத்துக் கிடந்தது.

எழுந்து, வந்த வழியே நடந்தார். மீரான் சந்துக்குத் தண்ணீர் பாவடித் தெரு வழியாகத்தான் வரவேண்டும். பாவடித் தெருவின் தொடக்கத்தில் இருந்த தொட்டியில் காதை வைத்தார். இரும்பு தாராளமாகப் பேசியது. தண்ணீர் தெருவுக்குள் நுழைகிறது. மறுமுனையில் வெளியே வரவில்லை.

நடுவில் இருநூறு அடி நீளத்துக்கு சிமென்ட் ரோடு. போட்டு மூன்று மாசம்தான் ஆகிறது. மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை. சித்திரை வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

அதுதான் சரியில்லை. குழாய் உடைந்தால் தண்ணீர் மேலே வந்து காட்டிக்கொடுக்கும். வராவிட்டால், கீழே போக ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

தெருவின் நடுவில் ஜெயம்மாள் வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே தறி அடித்துக்கொண்டிருந்தாள். தரையில் வெட்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்தபடி, நூல் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, அரக்குச் சிவப்பில் ஒரு முகூர்த்தப் புடவை விரல் விரலாக வளர்ந்துகொண்டிருந்தது.

"வாண்ணா. தண்ணி விட வந்தியா, மோரு குடிக்க வந்தியா?"

"சும்மா பார்க்க வந்தேன். வேலை எப்படி?"

"இந்த வருஷம் எங்களுக்கு ராஜயோகம்ண்ணா!" ஜெயம்மாள் தறியை நிறுத்தினாள். "எப்பவும் சித்திரையில இழை பட்டுப் பட்டுனு அறுந்துக்கினே இருக்கும். குழியில ஈரச்சாக்கு போட்டு, தண்ணி தெளிச்சி, ஒரு நாளைக்கு நாப்பது முடிச்சு போடுவேன். இப்போ பாரு. ரெண்டு மாசமா சாக்கே போடலை. ஒரு இழை அறுந்தா கேளு!"

"ஏன்?"

"குழி தானா ஜில்லுனு இருக்குது. எனக்கு மட்டும் இல்லை. எதிர்வூடு, பக்கத்து வூடு, எல்லாருக்கும்தான். அம்மன் கண்ணைத் திறந்துட்டா."

முனிரத்தினம் குழியின் ஓரத்தில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். அடியில் மணல் கூழாக இருந்தது. விரலை ஊன்றினால் விரல் போனது. கையை ஊன்றினால் கை போனது.

"யாரும் ஆபீஸ்ல சொல்லலையா ஜெயம்மா?"

"இன்னான்னு சொல்றது? வேலை நல்லா நடக்குதுன்னு கம்ப்ளெயின்ட் குடுக்கவா?"

வேறு எந்தத் தெருவாக இருந்தாலும் முதல் வாரமே கூச்சல் போட்டிருப்பார்கள். இது நெசவாளர் தெரு. வெயில் காலத்து ஈரத்தை வரமாக வாங்கிக்கொண்டு இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டு நெய்திருக்கிறது.

முனிரத்தினம் மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். மிக நன்றாக.

தை மாசம். சிமென்ட் ரோடு போடுவதற்கு முன்னால் பாதாள சாக்கடைக்குத் தோண்டினார்கள். பொக்லைனின் பல் குடிநீர்க் குழாயை இணைப்பு இணைப்பாகப் பெயர்த்தது. சரியாகச் செய்வதென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் புது இணைப்பு வாங்கிப் போட்டு, ஒரு நாள் காயவிட வேண்டும். கவுன்சிலர் வடிவின் புருஷன் இளவரசன் வந்து நின்றான். "காலையில கான்கிரீட் லாரி வந்துடும்யா. ஏதாச்சும் சுத்தி வுடு. அப்புறம் பார்த்துக்கலாம்."

முனிரத்தினம் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி, மேலே கட்டுக்கம்பி போட்டு முறுக்கினார். அதன் மேல் மண். மண்ணின் மேல் கான்கிரீட். அந்த வாரத்தில் மட்டும் பன்னிரண்டு இடத்தில் கட்டினார். பாவடித் தெருவில் கட்டியது அதில் ஒன்று. அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவரும்தான்.

இளவரசன் வீட்டு முன்னறைதான் கவுன்சிலர் அலுவலகம். வாசல் பலகையில் வடிவின் படமும் பெயரும் இருந்தன. நாற்காலியில் இளவரசன் இருந்தான். வடிவு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, வார்டின் வாட்ஸப் குழுவில் செய்தி தட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"போடு. வர்ற வியாழக்கிழமை, அமாவாசை அன்று காலை பத்து மணிக்கு, பாவடித் தெருவில் பகுதி சபா கூட்டம். போட்டியா? மீரான் சந்து மக்களின் குறை தீர்க்க, பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி சேவை தொடக்க விழா. கீழ உன் பேரு போடு."

"அமாவாசைல எதுக்குங்க?"

"அன்னிக்குத்தான் ஒருத்தனும் தறியில ஏற மாட்டான். கூட்டம் சேரும். தட்டு." பிறகு வாசலைப் பார்த்தான். "இன்னா முனி? மூஞ்சி பேயறைஞ்சா மாதிரி இருக்குது?"

முனிரத்தினம் சொன்னார். தண்ணீர் போகாதது, குழியின் ஈரம், அடியில் மணல் இருந்த இருப்பு எல்லாம்.

"பக்கத்துலயே பழைய கால்வாய் ஓடுது தலைவரே. மண்ணு கரைஞ்சி அதுல போய்க்கினு இருக்குது. ரோடு மட்டும் தட்டு மாதிரி மேல நிக்குது. அதுமேல லாரி வந்தா..."

"யாராச்சும் கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களா?"

"இல்லை."

"தறிக்காரனே குஷியா இருக்கான். உனக்கு இன்னாயா வயித்தெரிச்சல்?"

"ரோடை உடைச்சிப் பார்த்துடலாம் தலைவரே. ஒரு நாள் வேலை."

இளவரசன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. குரலும் இறங்கியது.

"மூணு மாசத்து ரோடு. உடைச்சா உள்ள இன்னா தெரியும்? சைக்கிள் ட்யூப் தெரியும். அதுல என் பேரு எழுதியிருக்காது. யாரு கட்டினதுன்னு கேப்பாங்க. உன் கையைத்தான் பார்ப்பாங்க." நாற்காலியில் சாய்ந்தான். "பர்மனென்ட் லிஸ்ட் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போவுது. அதுல ஏழாவது பேரு யாருதுன்னு தெரியுமில்ல?"

தெரியும். அவருடைய பெயர். அது அந்தப் பட்டியலில் ஏறப் பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்தார்.

திரும்பும்போது பார்த்தார். வடிவின் கட்டைவிரல் போனின் மேல் அசையாமல் நின்றிருந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனிரத்தினத்தின் மனைவி அன்னம்மாள் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். கணவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை லிஸ்ட் போவுது. கூட்டம் வியாழக்கிழமை."

"ஆமா."

"ஒரு நாள்யா. ஒரே ஒரு நாள் வாயைக் கட்டிக்கினு இரு. சனிக்கிழமை நீயே போயி கடப்பாறையால உடை, நானும் வந்து கூட மண்ணு அள்றேன்."

"அந்த ஒரு நாள்லதான் லாரி வருது அன்னம்."

"தினம் எத்தினி லாரி எத்தினி ரோட்டுல போவுது!" என்றாள். சொன்னபோது அவரைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள்.

முனிரத்தினம் ஒரு வழி கண்டுபிடித்தார். யாருக்கும் வலிக்காத வழி. செவ்வாய்க்கிழமை காலை பாவடித் தெரு வால்வை முப்பத்திரண்டு சுற்றும் மூடினார். கேட்டவர்களிடம் மோட்டார் ரிப்பேர் என்றார். தண்ணீர் போகாவிட்டால் மண் கரையாது. மண் கரையாவிட்டால் இரண்டு நாள் ரோடு தாங்கும். வெள்ளிக்கிழமை பட்டியல் போனதும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். மனசு லேசானது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கக்கூடச் செய்தார்.

வியாழக்கிழமை. அமாவாசை.

பாவடித் தெருவில் அன்று இருந்த அமைதி வேறு எந்த நாளும் இருக்காது. நாற்பது தறிகளும் ஓய்ந்திருந்தன. அமாவாசையன்று அந்தத் தெருவில் தறியில் ஏறுவதில்லை என்பது மட்டுமல்ல, நூலையே கையால் தொடுவதில்லை. ஆண்கள் வெள்ளை வேட்டியில் நின்றார்கள். தெருவின் நடுவில், ஜெயம்மாள் வீட்டுக்கு நேராகப் பந்தல். அதன் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் நூற்றைம்பது. பந்தலின் ஒரு முனையில் மேடை. மறுமுனையில் லாரி வந்து நிற்பதற்கு இடம் விட்டு, கோலம் கூடப் போட்டிருந்தார்கள்.

"முனிண்ணா!" ஜெயம்மாள் வாசலிலிருந்து கூப்பிட்டாள். "நீ இன்னாமோ குழி குழின்னு பயந்தியே. வந்து பாரு. நேத்தி சாயங்காலமே காஞ்சி போச்சி. மறுபடியும் ஈரச்சாக்கு போடணும் போல. எங்க யோகம் அவ்ளோதான்."

முனிரத்தினம் மூச்சு விட்டார். வால்வை மூடியது வேலை செய்திருக்கிறது. சும்மா ஒரு நிம்மதிக்காக உள்ளே போய், குழியருகே மண்டியிட்டுக் கையை விட்டார்.

மணல் காய்ந்திருந்தது. விரலை ஊன்றினார். மணல் நகர்ந்தது. உள்ளங்கை போனது. மணிக்கட்டு போனது. முழங்கை போனது. தோள் தறிக்குழியின் விளிம்பில் இடித்து நின்றபோதும் விரல் நுனிக்கு அடி தட்டவில்லை.

விரல்களுக்கு நடுவே காற்று வந்தது. தெருவின் பக்கமிருந்து, கீழேயிருந்து வந்த குளிர்ந்த காற்று.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அந்தப் பொந்தைத் தாங்கிக்கொண்டிருந்ததே தண்ணீர்தான். மண் போன இடத்தையெல்லாம் அது நிரப்பிக்கொண்டு, ரோட்டை அடியிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தது. தண்ணீரை அவரே நிறுத்தினார். அது கால்வாயில் வடிந்து போய்விட்டது. இப்போது ரோட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வெளியே நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் மீரான் சந்துப் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இளவரசன், அவனுக்குப் பக்கத்தில் மாநகராட்சி உதவிப் பொறியாளர் வெங்கடேசன், ஓரத்து நாற்காலியில் வடிவு.

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. யாரோ கைதட்டினார்கள்.

முனிரத்தினம் ஓடினார். ஐம்பத்திரண்டு வயசுக்கு அது ஓட்டம்தான். கையிலிருந்த இரும்புச் சாவியை ரோட்டின் குறுக்கே நீட்டிப் பிடித்தபடி லாரிக்கு எதிரே போய் நின்றார். பிரேக் கீச்சிட்டது. தொட்டியில் தண்ணீர் குலுங்கியது.

"யோவ் பெரிசு! சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"ஒரு அடி முன்ன வராத. ரோட்டுக்கு அடியில மண்ணு இல்லை."

மேடையில் மைக் கரகரத்தது. "முனி, காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டியா?" என்றது இளவரசனின் குரல். கூட்டம் சிரித்தது.

ஜஹனாரா எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "முனிண்ணே, நீயும் தண்ணி விட மாட்டே, விட வர்றவனையும் விட மாட்டியா? ஆறு நாளா புள்ளைங்க குளிக்கலை. நகரு!"

"நகர மாட்டேம்மா. முதல்ல எல்லாரும் எழுந்து ஓரத்துக்குப் போங்க. குழாய் உடைஞ்சி மூணு மாசமா உள்ள மண்ணு கரைஞ்சிருக்குது."

"உடைஞ்சது உனக்கெப்படித் தெரியும்?" ஒரு வெள்ளை வேட்டிப் பெரியவர் கேட்டார். "எங்க குழியெல்லாம் காஞ்சி கெடக்குது. லீக்கு இருந்தா காயுமா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இளவரசனும் பார்த்தான். அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஏழு விரலைக் காட்டினான். ஏழாவது பெயர். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை நாற்காலியின் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்காலியின் கால்கள் இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அவர் கட்டிய கட்டு.

"தெரியும்," என்றார். "ஏன்னா, உடைஞ்ச குழாயை நான்தான் கட்டினேன். புது ஜாயின்ட் போடலை. சைக்கிள் ட்யூப் சுத்தி, கம்பி கட்டி, மண்ணைப் போட்டு மூடினேன். கட்டினது இந்தக் கைதான். குழி காஞ்சதும் என்னாலதான். ரெண்டு நாளா வால்வை மூடி வெச்சேன். இப்போ உள்ள தண்ணியும் இல்லை, மண்ணும் இல்லை."

சிரிப்பு நின்றது. ஆனாலும் யாரும் எழவில்லை. காலுக்குக் கீழே கெட்டியாக இருக்கிற சிமென்ட்டை நம்புவதா, தெருவில் நின்று கத்துகிற ஆளை நம்புவதா?

"பொய்யா இருந்தா என்னைச் செருப்பால அடிங்க. ஒரே ஒரு இழை எடுங்க. பாவு நீட்டுற மாதிரி இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு, தரையோட ஒட்டி இழுத்துப் புடிங்க. தரை சமமா இருக்குதா, எறங்கியிருக்குதான்னு உங்களை விட யாருக்குத் தெரியும்?"

இழை. அமாவாசையன்று.

வாசல்படியில் நின்றிருந்த ஜெயம்மாள் உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் அரக்குச் சிவப்பு நூல்கண்டு இருந்தது.

"ஜெயம்மா," என்றார் அதே வெள்ளை வேட்டிக்காரர் பதறி. "இன்னிக்கு அமாவாசைம்மா. நூலைத் தொடக் கூடாது."

"அமாவாசைன்னா பூமி லீவு விடுமா மாமா? வழி விடுங்க." அவள் கூட்டத்தின் நடுவே, நாற்காலிகளுக்கு இடையில் நடப்பதற்காக விட்டிருந்த சந்தில் இறங்கி வந்தாள். நூலின் ஒரு முனையை ஜஹனாராவிடம் நீட்டினாள். "இந்தா, நீ புடி. மேடைகிட்டப் போயி தரையோட வெச்சி அழுத்து."

ஜஹனாரா வாங்கி விரலில் சுற்றிக்கொண்டாள்.

இரண்டு பெண்களும் இரண்டு முனையில் மண்டியிட்டார்கள். ஜெயம்மாள் இழுத்தாள். இத்தனை வருஷம் பாவின் நீள இழைகளை இழுத்த கை. எங்கே நிறுத்தினால் இழை அறாது என்று அந்தக் கைக்குத் தெரியும். பட்டிழை விறைத்து, வெயிலில் ஒரு சிவப்புக் கோடாக நின்றது.

முனிரத்தினம் நடுவில் போய்க் குனிந்தார். இழைக்கும் சிமென்ட்டுக்கும் நடுவில் ஒரு விரலை விட்டார். இரண்டு விரல். நான்கு விரல். கடைசியில் கையை மடக்கி முஷ்டியையே நுழைத்தார். இழை அதைத் தொடவில்லை.

நெசவாளர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். வார்த்தை பொய் சொல்லும், கண்ணும் ஏமாற்றும், இழுத்துப் பிடித்த இழை ஏமாற்றாது என்று தினமும் அதோடு வாழ்கிறவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எழுந்திருங்க," என்றார் வெள்ளை வேட்டிக்காரர். "ஓடாதீங்க. குதிக்காதீங்க. மெதுவா, சுவரோரமாப் போங்க. புள்ளைங்களைத் தூக்கிக்கங்க."

ஒரு கூச்சல் இல்லை. நூற்றைம்பது பேர் செருப்பைக் கூட மாட்டாமல், பால் பொங்கப் போகிற பாத்திரத்தைத் தூக்குவது போல உடம்பைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மீரான் சந்துப் பெண்கள் குடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மேடையிலிருந்து பொறியாளர் குதிக்காமல், பின்பக்கமாக இறங்கினார். டிரைவர் ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

லாரியின் சக்கரம் திரும்பிய அதிர்வுதான். வேறொன்றும் இல்லை.

உள்ளே ஏதோ 'தொம்' என்றது. ரோட்டின் நடுவில் முடி போல மெல்லிய கோடு ஒன்று ஓடியது. கோடு கிளைத்தது. முன்வரிசை நாற்காலிகள், யாரோ கூப்பிட்டது போல ஒன்றையொன்று பார்த்துத் தலைசாய்ந்தன. பிறகு தெரு வாயைத் திறந்தது. பந்தல் கால் இரண்டு, அறுபது எழுபது நாற்காலிகள், குடங்கள், கோலம் எல்லாம் உள்ளே போயின. கடைசிக் குடம் எங்கோ ஆழத்தில் போய் மோதிய சத்தம் கேட்பதற்கு நேரம் பிடித்தது.

தூசு அடங்கியதும் ஜஹனாரா தன் மகளை இடுப்பில் இறுக்கியபடி குழியைப் பார்த்தாள். பிறகு முனிரத்தினத்தைப் பார்த்தாள். "யா அல்லா... முனிண்ணே!" என்று அழுதாள். யாரோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். "அண்ணன் இல்லைன்னா இன்னிக்கு இந்தத் தெருவே காலி" என்றான் லாரி டிரைவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இளவரசன் வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் மூளை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை பொறியாளர் தோளில், ஒரு கை முனிரத்தினத்தின் தோளில்.

"சார், பழைய குழாய்னு எழுதிக்கங்க. நாப்பது அம்பது வருஷத்துப் பைப்பு, தானா வெடிச்சிடுச்சி. முனி, நீ ட்யூப், கம்பின்னு ஒளறினது பதட்டத்துல ஒளறினது. எவனும் கேஸ் போட மாட்டான். ஊரைக் காப்பாத்தினவன் நீ. நாளைக்கு லிஸ்ட்ல ஏழாவதா இல்லை, முதலாவதா உன் பேரைப் போட வைக்கிறேன். இன்னா சொல்றே?"

பொறியாளர் வெங்கடேசன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கும் பழைய குழாய்தான் வசதி என்பது முகத்தில் தெரிந்தது.

முனிரத்தினம் சுற்றிலும் பார்த்தார். எல்லா முகத்திலும் நன்றி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் அவரை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அன்னம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவர் பார்த்ததும், வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு குழியைப் பார்த்தாள். தலையாட்டுவதை நிறுத்தினாள்.

"சார், எழுதுங்க," என்றார் முனிரத்தினம். "இது ஒண்ணு. இன்னும் பதினோரு இடம் இருக்குது."

இளவரசனின் கை அவர் தோளிலிருந்து விழுந்தது.

"அதே வாரம் கட்டினது. அதே ட்யூப், அதே கம்பி. மண்டித் தெருவுல ரெண்டு: ரேஷன் கடை வாசல்ல ஒண்ணு, பிள்ளையார் கோயில் திருப்பத்துல ஒண்ணு."

"டேய், வாயை மூடுறா!" இளவரசன் கத்தினான். "நாளைக்கு உனக்கு வேலையும் கிடையாது, ஒரு மயிரும் கிடையாது. ஜெயில்டா உனக்கு!"

"கோணக்கிணத்துத் தெருவுல மூணு. ஒண்ணு அங்கன்வாடிக்கு எதிர்ல."

அவர் கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டார்கள். நன்றியோடு பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. "அங்கன்வாடியா?" என்று ஒருத்தி கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் நடக்கத் தொடங்கினாள்.

"கவுன்சிலர் வூட்டுத் தெருவுல ஒண்ணு."

"எங்க?" என்றது ஒரு குரல்.

வடிவு. இரண்டரை வருஷமாக எந்தக் கூட்டத்திலும் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. "எங்க வூட்டுக்கு எந்தப் பக்கம்?"

"வாசல்ல, தாயி. உங்க கார் நிக்குற இடம்."

"நீ பேசாத இரு வடிவு," என்றான் இளவரசன்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்து, வார்டு குழுவைத் திறந்து, இந்த முறை யாரும் சொல்லாமல் தட்ட ஆரம்பித்தாள். "எழுதுங்க சார். அவர் சொல்றதை அப்படியே எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன். கவுன்சிலர் நான்தானே?"

பொறியாளர் எழுதினார். வடிவின் செய்தி ஒவ்வொரு போனாகச் சென்று ஒலித்தது. பாவடித் தெரு முழுக்க ஒரே நேரத்தில் மணிச்சத்தம். படித்தவர்கள் நின்ற இடத்திலிருந்தே தெருவைப் பார்த்தார்கள். தங்கள் காலைப் பார்த்தார்கள்.

பிறகு கலைந்தார்கள். ஓட வேண்டும் என்று தோன்றியும் யாரும் ஓடவில்லை. வெள்ளை வேட்டிகளும் பர்தாக்களும் குழந்தைகளைச் சுமந்த அம்மாக்களும் சுவரில் முதுகை உரசியபடி, ஒருவர் பின் ஒருவராக, சாக்கடை விளிம்பில் கால் வைத்து வைத்துத் தங்கள் தெருக்களைப் பார்த்து நடந்தார்கள். பகல் பதினொரு மணி வெயிலில் வார்டின் எட்டுத் தெருக்களும் நடுவில் ஆளில்லாமல் வெறிச்சென்று கிடந்தன. எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. பல குரல்கள் ஒன்றாக "நிறுத்து!" என்று அலறின.

முனிரத்தினம் நகரவில்லை. அன்னம்மாள் வந்து அவர் பக்கத்தில், சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"இந்தத் தெருவோட சேர்த்து ஏழு ஆச்சி," என்றார் பொறியாளர், பேனாவை உதறியபடி. "அடுத்தது?"